புதுப்பிப்பு: இரவு உணவு நேரத்தில் மட்டும் படம் நின்று நின்று ஓடிய சிக்கல் தீர்ந்தது

ஆலோசனை கூறிய அனைவருக்கும் நன்றி. இணைய வேகம் குறையாதிருந்தும், இரவு உணவு நேரத்தில் மட்டும் தொலைக்காட்சியில் படம் நின்று நின்று ஓடுவது ஏன் என்று கேட்டிருந்தேன். ரவுட்டரை மறுதொடக்கம் செய்ததும் செயலியை மீண்டும் நிறுவியதும் பலன் தரவில்லை. மைக்ரோவேவ் அடுப்பைக் கவனிக்கச் சொன்ன நண்பரின் கணிப்பே சரி: அவ்வடுப்பு சுமார் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் இயங்குவதால், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைந்திருந்த தொலைக்காட்சிக்கு, குழம்பைச் சூடாக்கும்போதெல்லாம் இடையூறு ஏற்பட்டிருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்புக்கு மாற்றியபின், அடுப்பு ஓடும்போதும் 4கே படம் தடையின்றி வருகிறது. எதிர்பாராதது, ப்ளூடூத் ஹெட்போனில் ஒலி விட்டுவிட்டுக் கேட்பது மட்டும் நீங்கவில்லை என்பதே; ஏனெனில் ப்ளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸையே பயன்படுத்துகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்டுகையில் விரைவில் வலுவிழப்பதால், பின்னறைக் கைபேசிகளைப் பழைய இணைப்பிலேயே விட்டிருக்கிறேன்.