தவறாக விழுந்த தாமதக் கட்டணம்: காங்கயத்து ஆலைப் பங்குதாரரின் கணக்கு

"ஐயாயிரம் ரூபாய்தானே, கட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் நான் உடனே தடுத்துவிடுவேன். வருமான வரி ரிட்டனைக் கெடுவுக்குள் தாக்கல் செய்யவில்லை என்று வருமான வரிச் சட்டத்தின் 234எஃப் பிரிவின் கீழ் விழும் தாமதக் கட்டணம் தவறானது என்று தெரிந்த பிறகும் அதைக் கட்டுவது, "நான் கெடுவுக்குப் பின்தான் தாக்கல் செய்தேன்" என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம். அதன் விளைவு ஐயாயிரத்தோடு நிற்பதில்லை.

காங்கயம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் பங்குதாரராக இருக்கும் அம்மா ஒருவர் 2024இல் என்னிடம் வந்தார். கணவர் காலமான பிறகு அவருடைய பங்கு இவர் பெயருக்கு வந்திருக்கிறது. ஆலையைக் கொழுந்தனார் நடத்துகிறார். இந்த அம்மாவுக்கு இலாபப் பங்கும் மூலதனத்துக்கான வட்டியும் வரும். 2023-24 மதிப்பீட்டு ஆண்டுக்கான (அதாவது 2022-23 நிதியாண்டு வருமானத்துக்கான) ரிட்டனை வேறொருவர் 2023 அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தாக்கல் செய்து, 42,000 ரூபாய் வரியையும் அப்போதே கட்ட வைத்திருக்கிறார். பிறகு, ரிட்டனைச் சரிபார்த்தபின் துறை அனுப்பும் 143(1) பிரிவு அறிவிப்பு வந்தது: தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். அதோடு தாமதத் தாக்கலுக்கான 234ஏ வட்டியாக ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் என மூன்று மாதத்துக்கு, மாதம் ஒரு சதவீதம் வீதம் 1,260 ரூபாய். ஆக 6,260.

"பணத்துக்காக வரவில்லை தம்பி. கரண்ட் பில் முதல் சொத்து வரி வரை நான் எதையும் நாள் கடந்து கட்டினவள் இல்லை. தாமதம் என்று எப்படிப் போட்டார்கள்?" என்று கேட்டார். அவர் கேட்டது முழுக்க முழுக்க நியாயம்.

இப்படிப்பட்ட அறிவிப்பு கைக்கு வந்தால் கேட்கும் தொகையை முதலில் பார்க்காதீர்கள். ரிட்டனுக்கான கெடு நாள் எதுவென்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்து, இடப்பக்கம் நாம் கொடுத்த கணக்கும் வலப்பக்கம் துறை போட்ட கணக்கும் இருக்கும் இரண்டு பத்திகளை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். இந்த அம்மாவின் அறிவிப்பில் வருமானம், கழிவு, வரி எல்லாம் இருபுறமும் ஒன்றாகவே இருந்தன. 234எஃப், 234ஏ ஆகிய இரண்டு வரிகளில் மட்டும் நம் பக்கம் பூஜ்யம், அவர்கள் பக்கம் தொகை. அப்படியென்றால் சண்டை தேதியைப் பற்றியது மட்டும்தான்.

தொழில் வருமானம் உள்ளவர்கள் தாக்கல் செய்யும் ஐடிஆர்-3 ரிட்டன் படிவத்தில் பங்குதாரராக உள்ள நிறுவனங்களின் விவரம் கேட்கும் அட்டவணை ஒன்று உண்டு. நிறுவனத்தின் பெயர், பான் எண், அடுத்து 'தணிக்கைக்கு உட்பட்டதா' என்ற கட்டம். அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தது. அந்த மதிப்பீட்டு ஆண்டில் தணிக்கை இல்லையென்றால் கெடு ஜூலை 31. துறையின் கணினி அதைத்தான் பின்பற்றியிருக்கிறது.

உண்மை நிலை வேறு. ஆலையின் விற்றுமுதல் நான்கு கோடியைத் தாண்டியது. ரொக்கப் பரிவர்த்தனை ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் பத்துக் கோடி வரை 44ஏபி பிரிவு கேட்கும் வரித் தணிக்கை தேவையில்லை. ஆனால் விவசாயிகளிடம் நெல்லை ரொக்கம் கொடுத்து வாங்கும் ஆலைக்கு அந்தச் சலுகை எட்டாது. ஒரு கோடிதான் வரம்பு. தணிக்கை அறிக்கை செப்டம்பரிலேயே ஏற்றப்பட்டிருந்தது. எனவே பங்குதாரருக்கும் கெடு அக்டோபர் 31.

முன்பு தாக்கல் செய்தவர் இதை ஏற்கவில்லை. "அந்த அம்மா ஆலையில் வேலை பார்ப்பவர் இல்லையே, ஜூலைதான் கெடு" என்றாராம். ஒரு காலத்தில் சட்டம் அப்படித்தான் இருந்தது. நிர்வாகத்தில் ஈடுபடும் பங்குதாரருக்கு மட்டுமே தணிக்கை நிறுவனத்துக்கான பிந்தைய கெடு (அப்போது செப்டம்பர் 30) கிடைத்தது. 2020ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அந்தப் பாகுபாட்டை நீக்கிவிட்டது. பல அலுவலகங்களில் பழைய விதியையே இன்னும் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

கட்டிவிடக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, நாம் எதுவும் சொல்லாவிட்டால் புதிய வரிமுறைதான் பொருந்தும். மூலதன வட்டி வாங்கும் பங்குதாரருக்கு அது தொழில் வருமானம். கழிவுகள் கிடைக்கும் பழைய முறை வேண்டுமென்றால் அவர் 10-ஐஇஏ படிவத்தைக் கெடுவுக்குள் கொடுத்தாக வேண்டும். கெடு ஜூலை என்று பதிவாகிவிட்டால், அக்டோபரில் கொடுக்கும் படிவம் செல்லாது. ஆயுள் காப்பீடு, வீட்டுக் கடன் வட்டி என்று நம்பியிருந்த கழிவுகள் எல்லாம் அதோடு போய்விடும். தொழில் நட்டத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்வதும் இதே கெடுவைப் பொறுத்தது.

முதலில் துறையின் இணையதளத்தில், நிலுவைத் தொகைக்கான பகுதியில் 'டிமாண்டை ஏற்கவில்லை' என்று பதில் கொடுத்தேன். 'டிமாண்ட் சரி' என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால் பிறகு அங்கே மறுக்க முடியாது. அடுத்தது 154 பிரிவின் கீழ் திருத்த மனு. ரிட்டனை அப்படியே மறுபடி செயலாக்கும்படி முந்தையவர் ஏற்கெனவே கேட்டு, அதே தொகையோடு திரும்பி வந்திருந்தது. கட்டத்தில் 'இல்லை' என்று இருக்கும்வரை எத்தனை தடவை ஓட்டினாலும் விடை மாறாது. நான் தரவுத் திருத்தத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த ஒரு கட்டத்தை 'ஆம்' என்று மாற்றினேன், வேறெதையும் தொடவில்லை. ஆலையின் பான் எண்ணையும் தணிக்கை அறிக்கையின் ஒப்புகை எண்ணையும் குறிப்பிட்டுக் குறைதீர் பகுதியிலும் ஒரு மனு போட்டு வைத்தேன். திருத்த மனுவை முடிக்கத் துறைக்குச் சட்டம் தரும் அவகாசம் ஆறு மாதம். அதற்குள் ஆணை வந்தது. இரண்டு தொகைகளும் பூஜ்யம்.

இதை நண்பர்களிடம் சொன்னபோது அவர்களும் தங்கள் அனுபவங்களைச் சொன்னார்கள். ஈரோட்டு நண்பருக்கு 2021 நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு கெடு செப்டம்பர் 30 வரை நீட்டிக்கப்பட்டிருந்தும், ஆகஸ்ட் தொடக்கத்தில் மென்பொருள் தாமதக் கட்டணத்தைச் சேர்த்துவிட்டது. பிழை சரிசெய்யப்பட்டதாகவும், கூடுதலாகக் கட்டியவர்களுக்குத் தொகை திரும்பும் என்றும் துறையே ஆகஸ்ட் 11 அன்று அறிவித்தது. இன்னொருவர் ஓய்வூதியர் ஒருவரின் கணக்கைச் சொன்னார். கழிவுகளுக்கு முந்தைய மொத்த வருமானமே விலக்கு வரம்புக்குள் இருந்தது. மின் கட்டணம், வெளிநாட்டுப் பயணம் போன்ற கட்டாயத் தாக்கல் நிபந்தனைகள் எதுவும் அவருக்குப் பொருந்தவில்லை. வங்கி பிடித்த வரியைத் திரும்பப் பெறத்தான் டிசம்பரில் தாக்கல் செய்தார். அவருக்குத் தாமதக் கட்டணமே கிடையாது. ஆயிரம் ரூபாய் போட்டிருந்தார்கள். மனு போட்டதும் நீங்கியது.

காங்கயத்து அம்மாவின் கொழுந்தனாருக்கும் அதே ஆண்டு இதே அறிவிப்பு வந்திருந்தது. அதே கட்டம், அதே 'இல்லை'. அவர் 'டிமாண்ட் சரி' என்று அழுத்திக் கட்டியும் விட்டார். அண்ணியாருடைய ஆணையைப் பார்த்த பிறகுதான் என்னிடம் வந்தார். அறிவிப்பு வந்த நிதியாண்டு முடிந்து நான்கு ஆண்டுகள் வரை திருத்தம் கோரலாம் என்பதால் அவருக்கும் மனு போட்டிருக்கிறேன். கட்டியது ரீஃபண்டாகத் திரும்ப வேண்டும்.