ஸ்டார்ட் பட்டனை நடுவில் வைத்தது யார்?

குழு: கும்பகோணம் சொந்தங்கள்

சனிக்கிழமை, காலை 7:40

பெரியப்பா: எல்லோருக்கும் காலை வணக்கம். கார்த்தி தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த லேப்டாப்பை இன்றுதான் தனியாகத் திறந்தேன். ஸ்டார்ட் என்று நினைத்து இடது மூலையில் அழுத்தினால், பாதித் திரையை மறைத்துக்கொண்டு ஒரு செய்திப் பலகை வந்து நிற்கிறது. நடிகை கல்யாணம், தங்கம் விலை, கிரிக்கெட். நான் தேடுவது கோயில் வரவு செலவுக் கணக்கு.

குமார் மாமா: தங்கம் என்ன விலை போட்டிருக்கிறது மச்சான்?

பெரியப்பா: கிண்டல் வேண்டாம் மாப்பிள்ளை. பத்து மணிக்குக் கமிட்டி கூடுகிறது.

செல்வி அத்தை: அண்ணே, மூலையில் இருப்பது வானிலை. ஸ்டார்ட் நடுவில் இருக்கும், நீல நிறத்தில் நாலு கட்டம்.

பெரியப்பா: அதைப் பார்த்தேன். விளம்பரமாக இருக்கும் என்று தொடவில்லை.

நிலா: 😂😂😂

பெரியப்பா: மழை வரும் என்று மூலையில் எழுதியிருக்கிறது. ஐப்பசியில் மழை வரும் என்று சொல்ல கம்ப்யூட்டர் எதற்கு?

பெரியப்பா: [படம்]

கார்த்தி அண்ணா: அப்பா, படத்தில் திரையைவிட ட்யூப் லைட்தான் நன்றாகத் தெரிகிறது. விளக்கை அணைத்துவிட்டு இன்னொன்று அனுப்புங்கள். இப்போது மீட்டிங்கில் இருக்கிறேன், அரை மணியில் வருகிறேன்.

குமார் மாமா: சனிக்கிழமையும் மீட்டிங்கா? நல்ல கம்பெனி.

செல்வி அத்தை: அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கடையில் ஸ்கேன் எடுக்கும் மெஷினில் விண்டோஸ் 11தான். ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்தால் பழைய மெனு முழுதாக வராது. வாங்கிய புதிதில் கட், காப்பி, ரீநேம் எல்லாம் எழுத்தே இல்லாத குட்டிப் படங்களாக மேலே வரிசையாக இருந்தன. கத்தரிக்கோல் கட் என்பது புரிகிறது. ரீநேமுக்கு ஒரு படம் போட்டிருந்தார்கள் பார், அது என்ன என்று நான் கண்டுபிடிப்பதற்குள் கஸ்டமர் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

நிலா: அத்தை, ரீநேமுக்கு எஃப்2 அழுத்துங்கள். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் பழைய மெனு நேராக வரும்.

செல்வி அத்தை: அப்படியா? இத்தனை நாள் "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" அழுத்தி அழுத்தியே கை தேய்ந்தது. இதை யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?

குமார் மாமா: எனக்கு வேறு வருத்தம். ஆபீசில் டாஸ்க்பாரை, அதான் திரையின் அடியில் ஐகான்கள் நிற்கும் பட்டையை, எப்போதும் வலது ஓரத்தில் நிறுத்தி வைத்திருப்பேன். திரை அகலம், எக்செல் ஷீட்டோ நீளம். டாஸ்க்பார் ஓரமாகப் போனால் கீழே இன்னும் கொஞ்சம் வரி தெரியும். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது மைக்ரோசாஃப்ட்காரர்கள் அதற்கு வழியில்லாமல் செய்துவிட்டார்கள். கீழேதான் இருக்க வேண்டும் என்றார்கள். விண்டோஸ் 95 காலத்திலிருந்து இருந்த வசதி அது.

செல்வி அத்தை: இவர் வீட்டிலும் டிவியை எந்தச் சுவரில் மாட்டுவது என்று நாலு மாதம் யோசித்தவர். அதனால் இந்த வருத்தம் எனக்குப் புரிகிறது.

குமார் மாமா: இன்னொன்றும் உண்டு. ஐந்து எக்செல் திறந்தால் ஐந்துக்கும் பெயர் கீழே தெரிய வேண்டும். 11இல் எல்லாவற்றையும் ஒரே பச்சைப் படத்துக்குள் அடைத்துவிட்டார்கள். ஜனங்கள் கத்திக் கத்தி, 2023இல்தான் பெயர் தெரிகிற மாதிரி திருப்பித் தந்தார்கள். இரண்டு வருடம்!

பெரியம்மா: இவர் காலையிலிருந்து அந்தப் பெட்டியோடு பேசிக்கொண்டிருக்கிறார். காபி ஆறுகிறது. யாராவது சீக்கிரம் வழி சொல்லுங்கள்.

காலை 8:20

கார்த்தி அண்ணா: வந்துவிட்டேன். அப்பா, திரையின் அடியில் இருக்கும் பட்டையில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்யுங்கள். "டாஸ்க்பார் செட்டிங்ஸ்" என்று வரும்.

பெரியப்பா: வேறு என்னமோ வருகிறது. "அன்பின் ஃப்ரம் டாஸ்க்பார்." அன்போடு ஏதோ சொல்கிறதா?

நிலா: பெரியப்பா 🤣🤣

கார்த்தி அண்ணா: அது ஏதோ ஒரு ஐகான் மேல் அழுத்தினால் வருவது. காலி இடம் அப்பா. படம் எதுவும் இல்லாத இடம்.

பெரியப்பா: சரி, இரு.

நிலா: பெரியப்பா தேடுவதற்குள் ஒன்று சொல்கிறேன். எங்கள் டிசைன் கோர்ஸில் முதல் செமஸ்டரிலேயே வரும் விஷயம் இது. ஒரு பொத்தான் எவ்வளவு பெரியது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, இந்த இரண்டையும் பொறுத்துத்தான் அதைத் தொட ஆகும் நேரம். ஃபிட்ஸ் என்கிற உளவியலாளர் 1954இல் எழுதியது. திரையின் மூலைக்கு இதில் தனிச் சலுகை உண்டு. மவுஸை எவ்வளவு வேகமாக வீசினாலும் மூலையைத் தாண்டிப் போகாது, அங்கேயே முட்டி நிற்கும். குறி பார்க்கவே வேண்டாம். அப்படிப்பட்ட இடத்தை ஸ்டார்ட்டிடமிருந்து பிடுங்கி வானிலைக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

நிலா: அதைவிட மோசம், ஸ்டார்ட் இப்போது ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. நடுவில் வரிசையாக இருப்பதால், புதிதாக ஒரு ஆப் திறந்தால் வரிசை நீண்டு, ஸ்டார்ட் கொஞ்சம் இடப்பக்கம் நகரும். மூடினால் திரும்ப வலப்பக்கம் வரும். கவனித்துப் பாருங்கள்.

குமார் மாமா: இப்போதுதான் திறந்து பார்த்தேன். ஆமாம், நகர்கிறது! இத்தனை நாள் எனக்குக் கண் மங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கார்த்தி அண்ணா: நிலா சொல்வது சரிதான். ஆனால் எங்கள் வேலையில் பார்க்கிறேன், எதை மாற்றினாலும் முதல் வாரம் திட்டுதான் வரும். விண்டோஸ் எக்ஸ்பி 2001இல் வந்தபோது, பச்சையும் நீலமுமாகக் குழந்தை பொம்மை மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்கள். அதே எக்ஸ்பிக்கு அப்டேட் தருவதை 2014இல் நிறுத்தியபோது, விட மனமில்லாமல் உலகம் பிடித்துக்கொண்டிருந்தது. ஏடிஎம் மெஷின்களே அதில்தான் ஓடின.

குமார் மாமா: எக்ஸ்பியைத் திறந்ததும் பின்னால் தெரியும் அந்தப் பச்சைக் குன்று படம் இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. கலிபோர்னியாவில் எடுத்த நிஜப் படமாம். நான் வெகுநாள் வரைந்தது என்று நினைத்தேன்.

செல்வி அத்தை: கார்த்தி, பழக்கம் மாறும்போது வரும் எரிச்சல் ஒன்று. வேலை கூடுகிறது என்ற எரிச்சல் இன்னொன்று. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதே. விண்டோஸ் 8 வந்தபோது நீ காலேஜ். நான் கடையில் உட்கார்ந்திருந்தவள்.

நிலா: எட்டா? நான் அப்போது யுகேஜி. என்ன ஆச்சு அத்தை?

செல்வி அத்தை: 2012 கடைசியில் வந்தது. கடைக்கு அப்போதுதான் புது மெஷின் வாங்கினோம், அதோடு வந்துவிட்டது. திறந்தால் ஸ்டார்ட் பட்டனே இல்லை. திரை முழுக்கக் கலர் கலராகக் கட்டங்கள், சில கட்டங்களில் படம் தானாக மாறிக்கொண்டே இருக்கும். அணைக்க வேண்டும் என்றால் மவுஸை வலது மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஐந்து படம் எட்டிப் பார்க்கும். அதில் செட்டிங்ஸ், அதற்குள் பவர், அதற்குள் ஷட் டவுன். மூலையில் இப்படி ஒன்று ஒளிந்திருக்கிறது என்று திரையில் எங்கும் எழுதியிருக்காது.

செல்வி அத்தை: ஒரு பொண்ணு ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வந்தாள். பிடிஎஃப்பைத் திறந்தால் திரை முழுக்க விரிந்துவிட்டது. மூடுவதற்குப் பெருக்கல் குறி இல்லை. கீழே பட்டையும் இல்லை. அவள் என்னைப் பார்க்கிறாள், நான் திரையைப் பார்க்கிறேன். மேல் விளிம்பைப் பிடித்துக் கீழ்வரை இழுத்தால் மூடும் என்று பிற்பாடு தெரிந்தது. விரலால் தொடும் டேப்லெட்டில் சரி. மவுஸ் பிடித்தவளுக்கு அது எப்படித் தோன்றும்?

கார்த்தி அண்ணா: காரணமே டேப்லெட்தான் அத்தை. 2010இல் ஐபேட் வந்ததும் எல்லோருக்கும் பயம். டேப்லெட்டுக்கும் மேஜைக் கம்ப்யூட்டருக்கும் ஒரே முகம் போதும் என்று மைக்ரோசாஃப்டில் முடிவு செய்தார்கள். 2012 அக்டோபர் 26, விண்டோஸ் 8ம் அவர்களுடைய சர்ஃபேஸ் டேப்லெட்டும் ஒரே நாளில் விற்பனைக்கு வந்தன. மூன்று வாரம்கூட ஆகவில்லை, விண்டோஸ் பிரிவின் தலைவர் ஸ்டீவன் சினோஃப்ஸ்கி கம்பெனியை விட்டே போனார். அடுத்த வருடம் அந்த டேப்லெட் சரக்குக்காக மட்டும் 90 கோடி டாலர் நஷ்டம் எழுதினார்கள்.

குமார் மாமா: 90 கோடி டாலரா! ஒரு பட்டனை எடுத்ததற்கு இவ்வளவு செலவா?

கார்த்தி அண்ணா: பட்டன் மட்டும் காரணம் இல்லை மாமா. ஆனால் அவர்களிடம் கணக்கும் இருந்தது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அடுத்து வந்த விண்டோஸ் 7க்கு மாறியபோது ஸ்டார்ட் மெனுவைத் திறப்பது 11 சதவீதம் குறைந்திருந்ததாம். ஜனங்கள் கீழ்ப்பட்டையிலேயே ஐகானைக் குத்தி வைத்துக்கொண்டார்கள், இனி மெனு அவ்வளவாகத் தேவையில்லை என்று முடிவு கட்டினார்கள்.

செல்வி அத்தை: கொல்லைக் கதவை நாளுக்கு ஒரு தடவைதான் திறக்கிறோம் என்று செங்கல் வைத்து அடைப்பார்களா?

நிலா: 👏👏👏 இதை என் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் போடப் போகிறேன்.

குமார் மாமா: அப்புறம் நீ என்ன செய்தாய் என்பதையும் சொல்.

செல்வி அத்தை: என்ன செய்ய? கடைத்தெருவில் ஒரு பையனைப் பிடித்து 7 போட்டுக்கொண்டேன். தெருவில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். பழைய ஸ்டார்ட் மெனுவைத் திருப்பித் தருவதற்கென்றே தனி சாஃப்ட்வேர் வந்தது, கிளாசிக் ஷெல் என்று.

கார்த்தி அண்ணா: 2013 அக்டோபரில் 8.1 வந்தபோது பட்டன் திரும்ப வந்தது. அழுத்தினால் மெனு வராது, அதே கட்டங்கள்தான் வரும். பாதி இறங்கி வந்தார்கள். மெனு முழுதாகத் திரும்பியது 2015 ஜூலையில், விண்டோஸ் 10இல். நடுவில் 9 என்று ஒன்று வரவே இல்லை.

செல்வி அத்தை: எட்டில் ஒரே ஒரு நல்லது நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். தமிழுக்கு நிர்மலா என்கிற எழுத்துரு அதில்தான் வந்தது. அதற்கு முன் லதா. சின்ன அளவில் லதாவில் படித்தால் கண் வலிக்கும். ஆனால் என் பிழைப்பு இன்றைக்கும் பாமினி என்கிற பழைய எழுத்துருவிலும், பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் சாஃப்ட்வேரிலும்தான் ஓடுகிறது. கல்யாணப் பத்திரிகைக்கு வருகிறவர்கள் பழைய பத்திரிகையைக் காட்டி "இதே எழுத்து" என்றுதானே கேட்கிறார்கள்.

பெரியப்பா: காலி இடம் கிடைத்தது. வெகு ஓரத்தில், மணிக்கு இந்தப் பக்கம். டாஸ்க்பார் செட்டிங்ஸ் திறந்திருக்கிறது.

கார்த்தி அண்ணா: சபாஷ். "விட்ஜெட்ஸ்" என்று இருப்பதை ஆஃப் செய்யுங்கள். செய்திப் பலகை போய்விடும். பிறகு கீழே இறங்கி "டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்" என்பதைத் திறந்தால் முதல் வரியில் "டாஸ்க்பார் அலைன்மென்ட்". அங்கே சென்டர் என்று இருப்பதை லெஃப்ட் ஆக்குங்கள்.

பெரியப்பா: இடப்பக்கம் வந்துவிட்டது!! மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. கணக்கு ஃபைலும் கிடைத்தது. இதை அவர்களே இப்படி வைத்து அனுப்பியிருந்தால் என்ன?

நிலா: நடுவில் இருந்தால் பார்க்கப் புதுசாக இருக்கும் பெரியப்பா. கடையில் வாங்குகிறவர் கண்ணுக்கு அது முக்கியம்.

பெரியப்பா: விண்டோஸ் 95 வந்தபோது எங்கள் ஆபீசில் திறந்ததும், கீழே ஒரு அம்பு ஓடி வந்து ஸ்டார்ட்டைக் காட்டி, இங்கே கிளிக் செய்து தொடங்கு என்று சொல்லும். எங்கள் மேனேஜரே அந்த அம்பைப் பார்த்துத்தான் கற்றார். இப்போது இவ்வளவு பெரிய மாற்றம் செய்தவர்கள் ஒரு அம்பு விடக்கூடாதா?

கார்த்தி அண்ணா: இதற்கு என்னிடம் பதில் இல்லை அப்பா. நாங்களும் ஆபீசில் அம்பு விடுவோம். முதல் வேலையாக "ஸ்கிப்" அழுத்தி மூடிவிடுவார்கள்.

செல்வி அத்தை: கார்த்தி, நீ இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். பத்திரிகை அடிக்கும் பழைய மெஷினில் இன்டெல் ஐ3 ப்ராசசர், நாலாவது தலைமுறை. விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14க்குப் பிறகு அப்டேட் இல்லை என்று திரையில் வந்துகொண்டே இருக்கிறது. 11 போட முடியுமா?

கார்த்தி அண்ணா: முறைப்படி முடியாது அத்தை. இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறைக்குப் பக்கத்திலாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். 10க்கே பாதுகாப்பு அப்டேட் தொடர்ந்து வேண்டுமானால், வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை தருகிறார்கள், செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்தால் இலவசம். கடை, கம்பெனி என்றால் மெஷினுக்கு முதல் வருடம் 61 டாலர். அடுத்தடுத்த வருடம் இரட்டிப்பு.

செல்வி அத்தை: ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. அந்தக் காசுக்கு நான் டோனர் வாங்கிவிடுவேன்.

குமார் மாமா: நல்லா ஓடுகிற மெஷினை யாரோ ஒரு தேதி குறித்து எடைக்குப் போடச் சொல்கிறான். பட்டன் நகர்ந்ததைவிட எனக்கு இதுதான் தாங்கவில்லை.

கார்த்தி அண்ணா: ஒரு வழி இருக்கிறது அத்தை. அந்த மெஷினில் நெட்டைப் பிடுங்கிவிடுங்கள். பேஜ்மேக்கருக்கும் பாமினிக்கும் நெட் தேவையில்லை. மெயில், வாட்ஸ்அப் எல்லாம் 11 இருக்கும் மெஷினில் பாருங்கள். கஸ்டமர் பென் டிரைவை மட்டும் பழையதில் செருகவே கூடாது.

செல்வி அத்தை: அப்போது ஃபைலைப் பழையதுக்கு எப்படிக் கொண்டுபோவது?

கார்த்தி அண்ணா: கடைக்கென்று தனியாக ஒரு பென் டிரைவ். முதலில் 11 மெஷினில் வைரஸ் ஸ்கேன், பிறகு அதில் ஏற்றிப் பழையதுக்கு. அடுத்த வாரம் ஊருக்கு வரும்போது நானே செய்து தருகிறேன். அதற்குள் பத்திரிகை டிசைன் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் எடுத்து வையுங்கள்.

செல்வி அத்தை: சரிடா. பாமினி ஃபான்ட் ஃபைலையும் சேர்த்து எடுக்கிறேன். ஞாயிறு காலையில் வா, முகூர்த்த நாள் இல்லை, கடையில் கூட்டம் இருக்காது.

பெரியப்பா: பிரிண்ட் கொடுத்தேன். பிரிண்டர் இல்லை என்கிறது. கமிட்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது.

செல்வி அத்தை: அண்ணே, ஃபைலை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், கடையில் எடுத்து வைக்கிறேன். எத்தனை காப்பி?

பெரியப்பா: பன்னிரண்டு. ஏ4. இரண்டு பக்கமும்.