சமதள ஆடிச் சோதனையில் கோணம் ஒத்துப்போகவில்லை, வழி சொல்லுங்கள்

அறிவியல் ஆசிரியர்களுக்கு வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு எதிரொளிப்பு விதியை, அதாவது ஒளி ஆடியில் எந்தக் கோணத்தில் படுகிறதோ (படுகோணம்) அதே கோணத்தில் திரும்பும் என்பதை, செய்து பார்த்தோம். வெள்ளைத்தாள், நான்கு குண்டூசி, கோணமானி, கடையில் வாங்கிய 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள முகம் பார்க்கும் கண்ணாடி, அவ்வளவுதான். படுகோணம் 40 டிகிரி வைத்தால் எதிரொளிப்புக் கோணமும் 40 வர வேண்டும். வந்ததோ 43. மூன்று முறை செய்தும் அப்படித்தான். "விதி தப்பா சார்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அவளைப் பாதிப் பதிலோடு அனுப்ப எனக்கு மனமில்லை.

அப்புறம் உட்கார்ந்து பார்த்தேன். வெள்ளிப்பூச்சு கண்ணாடியின் பின்பக்கம் இருக்கிறது. நாங்கள் கோடு போட்டது முன் விளிம்பில். ஒளி கண்ணாடிக்குள் திசை மாறிப் போய், பின்னால் பட்டு, கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் தள்ளி வெளியே வருகிறது. ஒளி உள்ளே போகும் இடமாக நாங்கள் முதலில் குறித்த புள்ளியிலிருந்தே எதிரொளிப்புக் கதிரை வரைந்ததால்தான் கோணம் கூடியது. விதியில் தப்பில்லை. ஆடியில் விரல் நுனியை வைத்தால் விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவே இடைவெளி தெரிவதும் இதனால்தான். பிள்ளைகளுக்கு இதைக் காட்டியதும் அப்படியொரு சந்தோஷம்.

இப்போது முன்பக்கமே பளபளக்கும் ஆடி வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க்கின் உள்தட்டை யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? ஊசியோடு சேர்த்து அதை நேராக நிறுத்துவது எப்படி? இல்லை, சாதாரண கண்ணாடியையே வைத்துக்கொண்டு பின் விளிம்பில் கோடு போட்டால் பிழை எவ்வளவு குறைகிறது? செய்து பார்த்தவர்கள் அளவுகளோடு எழுதுங்கள். அடுத்த வியாழன் மீண்டும் செய்யப்போகிறோம்.