போர்ப் பொறியாளர் நில அளவையாளரானது எவ்வாறு?

கேள்வி: 1799இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராகப் பணியாற்றிய காலின் மெக்கன்சி, பின்னர் நில அளவையாளராகப் பெயர் பெற்றது எவ்வாறு என்பதை அறிந்தோர் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: ஐயா, அரண்களை அமைக்கவும் தகர்க்கவும் தூரத்தையும் உயரத்தையும் துல்லியமாகக் கணிக்க வேண்டியிருந்ததால், படைப் பொறியாளருக்கு அளவைக் கலை புதிதன்று. திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் மைசூர் நில அளவையை நடத்திய அவர், 1815இல் பிரிட்டிஷ் அரசின் பாத் விருது பெற்றதோடு, இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராகவும் நியமிக்கப்பட்டார்.

பதில் 2: நான் அவரைப் பெரிதும் மதிப்பது வேறொன்றுக்காக. அளவைப் பணிக்காகச் சென்ற ஊர்களிலெல்லாம் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் ஊர் வரலாறுகளையும், பெரும்பாலும் தம் சொந்தச் செலவிலேயே திரட்டினார். அவற்றுள் ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இன்றும் உள்ளது.

பதில் 3: சுவடிகளைத் திரட்டும் பணியில் அவருக்குத் துணைநின்ற காவலி சகோதரர்களையும் சேர்த்தே பேச வேண்டும். 1803இல் வெங்கட போரய்யா மறைந்த பின், தம்பி லட்சுமய்யா அப்பணியைத் தொடர்ந்தார்.