காங்கேயம் கல் கூட்டம்

ஞாயிறு

காலை 6:50

பிரகாஷ்: 📷 படம்

பிரகாஷ்: மாமா, மொதல் மூன்ஸ்டோன் (நிலாக்கல்) முடிச்சுட்டனுங். ஆனா ஒளியே வரலீங். தேங்காய்ச் சில்லு மாதிரி வெறும் வெள்ளையா நிக்குது. மூணு நாள் வேலை.

ராசு மாமா: வெயில்ல வேண்டாம் கண்ணு. ஒத்த பல்புக்கு அடியில வச்சு, பக்கவாட்டுல திருப்பி ஒரு போட்டோ போடு.

பிரகாஷ்: 📷 படம்

ராசு மாமா: இருக்குது பாரு, ஓரத்துல நீலமா ஓடுது. கல்லு நல்ல கல்லு. நீ அறுத்த பக்கம்தான் மாறிப்போச்சு.

பிரகாஷ்: பக்கம்னா எப்படீங் மாமா?

ராசு மாமா: மூன்ஸ்டோனுக்குள்ள ரெண்டு வகை பெல்ஸ்பார் கனிமம் ஏடு ஏடா அடுக்கி இருக்கும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு. அந்த ஏட்டுல பட்டுச் சிதறுற வெளிச்சம்தான் நம்ம பாக்கற ஒளி. கல்லோட அடிப்பக்கம் அந்த ஏட்டுக்கு இணையா இருந்தாத்தான் ஒளி மேடு மேல வந்து உக்காரும். நீ குறுக்க அறுத்துட்ட, அதனால இடுப்புல போய் நின்னுக்குச்சு.

ராசு மாமா: அறுக்கறதுக்கு முன்னால கல்லை நனைச்சு, விளக்குக்கு அடியில மெதுவா உருட்டு. எங்க பளிச்சுனு அடிக்குதோ அங்க பென்சில்ல கோடு போடு. நான் பட்டறையில சேர்ந்த காலத்துல கோடு போட மட்டும் ஆறு மாசம் உக்கார வச்சாங்க. மிஷினைத் தொட விடலை.

தேன்மொழி டீச்சர்: பிரகாஷ், தீட்டறதுக்காகக் கல்லைக் குச்சியில ஒட்டும்போதும் கவனம் தம்பி. அரக்கை உருக்கி, குளிர்ந்த கல்லைச் சட்டுனு வச்சா பெல்ஸ்பார் விரிஞ்சிரும். அதுக்குப் பிளவுத் தளம் ரெண்டு இருக்கு, ஏறக்குறைய நேர்கோணத்துல. கல்லையும் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கிட்டு ஒட்டு.

பிரகாஷ்: அப்ப இதை மறுபடி அறுக்கலாமுங்களா மாமா?

ராசு மாமா: அறுக்கலாம். சின்னதாத்தான் வரும். ஆனா ஒளி வரும்.

காலை 8:15

சிவா (நாமக்கல்): எல்லாத்துக்கும் வணக்கமுங்க. ஏழு நாளா மெருகு உருளையில (கல்லும் தூளும் போட்டுச் சுத்த விடற டப்பா) ஓடுன கல்லை இன்னைக்கு எடுத்தேன். மெருகு ஏறவே இல்லை, எல்லாத்துலயும் கீறல்.

சிவா (நாமக்கல்): 📷 படம்

ராசு மாமா: வெள்ளைக்கல்லும் பெல்ஸ்பாரும் ஒண்ணா போட்டீங்களா மாப்ள?

சிவா (நாமக்கல்): ஆமாங். ஆத்துல பொறுக்குனதை எல்லாம் அப்படியே போட்டுட்டேன்.

ராசு மாமா: கடினத்தைக் கணக்குப் போடற மோஸ் அளவுல வெள்ளைக்கல் (குவார்ட்ஸ்) 7, பெல்ஸ்பார் 6. கெட்டி கல்லு மெதுகல்லைத் தின்னுரும். தனித்தனியா போடோணும். இன்னொண்ணு, அரைக்கற தூளை 80 நம்பர்லிருந்து 220-க்கு, 220-லிருந்து 600-க்குப் போகும்போது டப்பா, மூடி, கல்லு எல்லாத்தையும் பல் துலக்கற பிரஷ் போட்டுக் கழுவோணும். கல்லுல இருக்கற சின்னக் குழிக்குள்ள ஒரு பொட்டு 80 நம்பர் தூள் ஒளிஞ்சிருந்தாப் போதும், மெருகு பூரா பாழ்.

தேன்மொழி டீச்சர்: அந்தச் சேறை வாஷ்பேசின்ல ஊத்தீராதீங்க சிவா. அடியில படிஞ்சு கல்லாட்டம் இறுகிக்கும். எங்க வீட்டுல குழாயையே மாத்த வேண்டியதாப் போச்சு.

சிவா (நாமக்கல்): சரிங்க டீச்சர். நேத்து சித்தம்பூண்டிப் பக்கம் போனேன். ரோட்டோரமே அந்த வெளுத்த அனார்த்தசைட் பாறை. இதைப் பொடி பண்ணித்தானே சந்திரயான்-2 லேண்டரும் ரோவரும் சோதிக்க நிலா மண்ணு மாதிரி செஞ்சாங்கன்னு நினைச்சுக்கிட்டே நின்னுட்டேன். பக்கத்துலயே ஆடு மேயுது.

தேன்மொழி டீச்சர்: நிலாவோட மேட்டுநிலம் பூரா அந்தப் பாறைதானே. நம்மூர்ல காலுக்கடியில கிடக்குது. சிவப்புக் குருந்தம், அதான் மாணிக்கத்தோட ஜாதிக் கல்லு, தட்டுப்பட்டுச்சா?

சிவா (நாமக்கல்): பாறைக்குள்ள பொட்டுப் பொட்டா இருந்துச்சுங்க. உடைக்கலை, போட்டோ மட்டும்.

ராசு மாமா: குருந்தம்ங்கற நம்ம சொல்லைத்தான் வெள்ளைக்காரன் கொரண்டம்னு எழுதிக்கிட்டான். எனக்கு அதுல ஒரு பெருமை உண்டு மாப்ள.

காலை 10:40

மணி: ராசு மாமா இருக்கீங்களா? இதைப் பாருங்.

மணி: 📷 படம்

மணி: 📷 படம்

மணி: அம்மாயி தோட்டத்துல உழுது போட்டிருந்தாங். ராத்திரி மழை. காலையில வரப்புல பளபளன்னு கிடந்துச்சு. சுண்டுவிரல் நகத்தளவு. ஆறு பக்கம் இருக்குது, நடுவுல ஓட்டை. வெளிர் நீலப்பச்சை. அக்வாமெரின்தானுங்களே?

மணி: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

தேன்மொழி டீச்சர்: லொகேஷனை எடுத்தது நல்லது மணி. நானே சொல்ல வந்தேன். இடத்தைக் குழுவுல போடாதே சாமி. இதுல இருந்து ஒருத்தர் இன்னொரு குழுவுக்கு அனுப்பிட்டா, நாளைக்கு ராத்திரி கடப்பாரையோட ஆள் வந்து நிக்கும்.

மணி: சரிங்க்கா. நொய்யல் கரை, கொடுமணலுக்கு இந்தப் பக்கம். அவ்வளவு சொன்னாப் போதுமுங்களா?

ராசு மாமா: போதும் போதும்.

மணி: மேல் பூரா மங்கிப் போயிருக்குது மாமா. கையில பிடிக்கற கிரைண்டர் ஒண்ணு இருக்குது. ஓரத்தை லேசாத் தேய்ச்சு, மெருகு போட்டு, வெள்ளி மோதிரத்துல வச்சு அம்மாயிக்கே குடுத்தறலாம்னு பாக்கறேன்.

ராசு மாமா: மணி, தொடாதே.

ராசு மாமா: ஃபோன் பண்றேன் எடு.

மணி: மாமா பஸ்ல இருக்கேனுங், கேக்காது. எழுதுங்.

ராசு மாமா: ரெண்டு விஷயம். மொதல்ல, எந்தக் கல்லா இருந்தாலும் தண்ணியில்லாம கிரைண்டர்ல வைக்காதே. கல்லுத் தூசி நெஞ்சுக்குள்ள போனா வெளிய வராது. எங்க பெரியண்ணன் இருவது வருஷம் காய்ஞ்ச கல்லு அறுத்தாரு, முகத்துல துண்டு மட்டும். கடைசி ரெண்டு வருஷம் உக்காந்துக்கிட்டேதான் தூங்கினாரு, படுத்தா மூச்சு வராது. குஜராத்துல காம்பத்துல அகேட் அரைக்கறவங்களுக்கும் இதேதான். சிலிக்கோசிஸ். தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கோணும், மாஸ்க் இருக்கோணும், அதுக்கப்புறம்தான் கல்லு.

ராசு மாமா: ரெண்டாவது, அது நீயோ நானோ மெருகு போட வேண்டிய கல்லு இல்லை. டீச்சர் சொல்லுவாங்க.

தேன்மொழி டீச்சர்: மணி, படத்தை வச்சு நான் உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா இடமும் ஆறு பட்டையும் நிறமும் பாத்தா பெரில் மணியா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. நீ சொன்ன அக்வாமெரினும் பெரில்ல ஒரு வகைதான். கொடுமணல்ல 1985-லிருந்து தோண்டியிருக்காங்க. பெரில், நீலக்கல், சூதுபவளம், அகேட், செவ்வந்திக்கல், ஸ்படிகம்னு எத்தனையோ கிடைச்சுது. முடிஞ்ச மணி மட்டும் இல்லை. அறுக்காத கல்லு, பாதி தேய்ச்சது, பாதி துளைச்சு உடைஞ்சுபோனது, எல்லாமே இருந்துச்சு. அங்க பட்டறையே ஓடியிருக்கு. நீ இந்தக் குழுவுல செய்யற வேலையை 2,000 வருஷத்துக்கு முன்னால அதே மண்ணுல ஒருத்தர் செஞ்சிருக்கார்.

பிரகாஷ்: அக்கா, பதிற்றுப்பத்துல கொடுமணம்னு வர்றது இந்த ஊர்தானுங்களே?

தேன்மொழி டீச்சர்: இதேதான். கொடுமணத்து அருங்கலம்னு பாட்டுலயே பேரு வாங்கின ஊரு. கச்சாக்கல்லுக்கும் ரொம்ப தூரம் போகலை. நம்ம படியூர்ல பெரில் சுரங்கம் இருந்துச்சு. 1819, 1820 வாக்குல ஒரு வெள்ளைக்காரர் அங்க தோண்டிக் கல்லு எடுத்த கணக்கு எழுத்துல இருக்கு.

ராசு மாமா: எங்க அப்பா அந்தச் சுரங்கத்தைப் பத்திச் சொல்லுவாரு.

தேன்மொழி டீச்சர்: ரோம்ல பிளினின்னு ஒருத்தர். கி.பி. 79-ல செத்துப்போனவர். பெரில் இந்தியாவுல இருந்துதான் வருது, வேற எங்கயும் அதிகம் கிடைக்காதுன்னு எழுதி வச்சிருக்கார். ஆறு பட்டையாத் தீட்டுவாங்களாம், இல்லைன்னா நிறம் மங்கலாத் தெரியுமாம். நீளக் கல்லுன்னா இந்தியர்களுக்கு உசிராம், துளைச்சு யானை முடியில கோத்துக்குவாங்களாம். மணி, உன்ற கையில இருக்கறதும் ஆறு பட்டைதான்.

மணி: 😳

மணி: அக்கா, ஆறு பட்டை தானாவே வராதுங்களா? பெரில் விளையறதே அறுகோணமாத்தானுங்களே.

ராசு மாமா: கெட்டிக்காரன். ஆமாம், விளையறதே அப்படித்தான். அதனாலதான் சொல்றேன், பட்டையைத் தேய்ச்சுட்டா அது விளைஞ்ச முகமா, மனுசன் தீட்டின முகமான்னு இனி யாரும் சொல்ல முடியாது. ஓட்டையும் அப்படித்தான். உள்ள வரி வரியாத் தடம் இருக்கும். அதை வச்சுத்தான் எந்த முனையால துளைச்சாங்க, ஒரு பக்கமா ரெண்டு பக்கமான்னு பாப்பாங்க. குச்சி விட்டு நோண்டிக் கூட மண்ணை எடுக்காதே.

மணி: சரிங் மாமா. ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. போய்ச் சொன்னா அதிகாரிங்க வருவாங்க, தோட்டத்துல கயிறு கட்டுவாங்க. அம்மாயிக்கு இருக்கறது அந்த ஒண்ணரை ஏக்கர்தான். ஊர்ல எல்லாரும் அதுக்குப் பயந்தே எதையும் சொல்றதில்லை.

தேன்மொழி டீச்சர்: அந்தப் பயம் நியாயமான பயம்தான் மணி. பொய் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்த மாட்டேன். ஆனா 1878 புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ள மறைஞ்சிருந்து கிடைக்கறது பத்து ரூபாய்க்கு மேல பெறும்னா கலெக்டருக்குத் தெரியப்படுத்தோணும். மறைச்சு வச்சாத்தான் அம்மாயி பேருக்குச் சிக்கல். எழுதிக் குடுத்து, கையெழுத்தோட ரசீது வாங்கிக்கலாம். நான் கூட வர்றேன். ராசு அண்ணனும் வருவாரு.

ராசு மாமா: வர்றேன். திங்கக்கிழமை வேற சோலி இல்லை.

தேன்மொழி டீச்சர்: இப்ப நீ செய்ய வேண்டியது ஒண்ணுதான். கிடந்த இடத்துல ஒரு குச்சி நட்டுட்டு வா. வரப்பு மூலையிலிருந்து எத்தனை அடின்னு அளந்து எழுது. எந்தத் தேதி, உழவு எவ்வளவு ஆழம், பக்கத்துல பானையோடு ஏதாவது கிடந்துச்சா, அதையும் எழுது. மணியைப் பஞ்சுல சுத்தி ஒரு டப்பாவுல வச்சு, அந்தத் தாளையும் உள்ளயே போடு. எங்க கிடந்ததுன்னு தெரியாத மணி நகைக்கடை மணிதான். இடம் தெரிஞ்சாத்தான் அது கொடுமணல் மணி.

சிவா (நாமக்கல்): டீச்சர் இதைப் படிச்சதும் என்ற அலமாரியைத் தொறந்து பாத்தேன். எழுபது கல்லு இருக்குது. எங்க எடுத்ததுன்னு பதினஞ்சுக்குக்கூட ஞாபகமில்லை. இன்னைக்கே நம்பர் ஒட்டறேன்.

மணி: கறுப்புச் சிவப்பு ஓடு ரெண்டு கிடந்துச்சுங்க்கா. எடுக்கலை.

தேன்மொழி டீச்சர்: எடுக்காதே. அப்படியே விட்டுட்டு அதையும் எழுது.

மணி: அம்மாயிகிட்ட என்ன சொல்றதுங்? காலையிலயே மோதிரம்னு சொல்லிட்டேன்.

ராசு மாமா: அவங்க தோட்டத்து வெள்ளைக்கல்லு ஒண்ணு கொண்டா. நல்லாத் தெளிவா இருக்கறதாப் பாத்து. அதே மாதிரி ஆறு பட்டை மணி நான் செஞ்சு குடுக்கறேன்.

செவ்வாய்

இரவு 8:20

தேன்மொழி டீச்சர்: நேத்து குடுத்துட்டு வந்தோம். ரசீது அம்மாயி பேருல. ஓடு கிடந்த இடத்தை ஆள் வந்து பாப்பாங்களாம். மணி எழுதின தாளைப் படிச்சுட்டு அந்த அதிகாரி எழுந்து நின்னு கை குடுத்தார்.

அடுத்த ஞாயிறு

மாலை 5:05

ராசு மாமா: 📷 படம்

ராசு மாமா: பட்டை ஆறும் தீட்டியாச்சு. சீரியம் ஆக்சைடு மெருகுத் தூள், தோல் சக்கரத்துல. என்ற கை இப்பெல்லாம் நடுங்குது, துளை போட முடியலை. பிரகாஷ்தான் போடறான்.

பிரகாஷ்: அண்ணா, நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. 14 மில்லிமீட்டர் நீளம்தான். வைர முனை, கரன்ட்டு மிஷின், தட்டுல தண்ணி ஊத்திக் கல்லை முக்கி வச்சு, விட்டு விட்டுத்தான் அழுத்தறேன். மொதல் கல்லு மறுபக்கம் வெளிய வரும்போது சிதறிருச்சு.

மணி: அடடா.

பிரகாஷ்: ரெண்டாவது, மாமா சொன்னபடி ரெண்டு பக்கத்துல இருந்தும் துளைச்சேன். ரெண்டு ஓட்டையும் நடுவுல சந்திக்கவே இல்லை. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. இப்ப மூணாவது கல்லுல நிக்கறேன். ஒரு மணி நேரம் ஆச்சு.

சிவா (நாமக்கல்): அந்தக் காலத்துக் கொடுமணல்காரங்க கரன்ட்டே இல்லாம போட்டாங்களே தம்பி.

பிரகாஷ்: அதைத்தானுங்க அண்ணா நினைச்சுக்கிட்டே இருக்கேன். கொடுமணல்ல ஒரே கல்லறையில 2,000-க்கு மேல சூதுபவள மணி கிடைச்சுதுன்னு டீச்சர் சொன்னாங்க. ஒவ்வொண்ணுலயும் துளை. எனக்கு ஒண்ணுக்கே தோள் கழண்டு போச்சு.

தேன்மொழி டீச்சர்: பாதி துளைச்சு உடைஞ்சது அங்கயும் கிடைச்சுதுன்னு சொன்னேனே பிரகாஷ். உன்னோட அந்த ரெண்டையும் தூக்கிப் போட்டுறாதே. என் வகுப்புக்கு வேணும்.

மாலை 6:40

பிரகாஷ்: 📷 படம்

பிரகாஷ்: நூல் போயிருச்சு!!!

ராசு மாமா: கோணலாத்தான் இருக்குது. ஆனா சந்திச்சிருச்சு. 🙏

மணி: மாமா, நான் இப்பவே வண்டி எடுத்துட்டு வர்றேன். அம்மாயி காலையிலிருந்து நாலு தடவை கேட்டுட்டாங்க. கறுப்புக் கயிறு அவங்களே திரிச்சு வச்சிருக்காங்க.

ராசு மாமா: வா. மழை வர்ற மாதிரி இருக்குது, கோட்டு எடுத்துக்க. பிரகாஷோட மூன்ஸ்டோனையும் பாத்துட்டுப் போ, நேத்து மறுபடி அறுத்தது. உளுந்தத்தனைதான் இருக்குது, ஆனா ஒளி நட்ட நடுவுல நிக்குது.