தம்பி மேல் டியூஐ (குடித்துவிட்டு வண்டி ஓட்டிய) வழக்கு, கலிபோர்னியாவில் இருப்பவர்கள் உதவுங்கள்

வணக்கம். என் தம்பி கலிபோர்னியாவில் எச்1பி விசாவில் வேலை செய்கிறான். சனிக்கிழமை இரவு விருந்து முடிந்து வரும்போது போலீஸ் நிறுத்தி ஊதச் சொல்லியிருக்கிறார்கள். ரத்தத்தில் ஆல்கஹால் 0.10 சதவீதம் காட்டிவிட்டது, இங்கே வரம்பு 0.08. இரவு முழுக்க லாக்கப். லைசென்சை வாங்கிக்கொண்டு, 30 நாள் வண்டி ஓட்ட இளஞ்சிவப்புத் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறான், எடுத்து எடுத்துப் பார்க்கிறான். யாருக்கும் அடிபடவில்லை, அந்த மட்டில் கடவுள் காப்பாற்றினார். அவன் செய்தது தப்புதான், நான் பூசி மெழுக வரவில்லை.

கைதான 10 நாளுக்குள் டிஎம்வியில் (லைசென்ஸ் கொடுக்கும் வாகனத் துறை) விசாரணை கேட்காவிட்டால் லைசென்ஸ் 4 மாதம் ரத்தாகும். கோர்ட் வழக்கு தனி. முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை. அபராதம் 390 முதல் 1,000 டாலர், அதன்மேல் கட்டணங்கள் ஏறி ஏறிப் பல மடங்காகிவிடும்.

எனக்குப் பெரிய பயம் விசாதான். தீர்ப்பு வராமலே, கைதானதை வைத்தே விசாவை ரத்து செய்ய முடியும். டிசம்பரில் ஊருக்குப் போக டிக்கெட் போட்டிருக்கிறான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இதைக் கடந்து வந்த அண்ணன், அக்கா யாராவது இருக்கிறீர்களா? டிஎம்வி விசாரணையை வக்கீல் மூலமாகத்தான் கேட்க வேண்டுமா, நாமே போன் செய்தால் போதுமா? அப்புறம், குடியேற்றச் சட்டமும் தெரிந்த டியூஐ வக்கீல் யாரையாவது தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். 3 நாள் போய்விட்டது.