"அப்சைஸ்" என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வேலைகள்: டயர் அளவு மாற்றத்துக்கான கலைச்சொற்கள்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கையேட்டின் டயர் அத்தியாயத்துக்காக, வண்டிக்கு உரிய டயருக்குப் பதில் வேறு அளவு போடுவதைக் கடைகளில் சொல்லும் 'அப்சைஸிங்' என்பதற்கு இதுவரை மேலளவாக்கம், பேரளவாக்கம், அளவுயர்த்தல், பெருக்களவு என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான்கையும் என்னால் ஏற்க முடியவில்லை. சொல்லாக்கத்தில் பிழை இல்லை. ஆனால் ஆங்கிலச் சொல்லில் உள்ள குழப்பத்தை நான்குமே அப்படியே தமிழுக்குள் இறக்கிவிடுகின்றன.

சென்ற மாதம் என் தம்பியின் காருக்கு டயர் மாற்றினார்கள். கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவு 185/65 ஆர்15. கடையில் போட்டு அனுப்பியது 205/65 ஆர்15. "அப்சைஸ்தான் சார், பிடிமானம் கூடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். ஐந்து பேர் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன்பக்கத்தில் அரம் வைத்து ராவுவது போன்ற சத்தம். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். மட்கார்டின் உட்புறப் பிளாஸ்டிக் மறைப்பு உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று தேய்ந்து, ஓரிடத்தில் காகிதமாக மெலிந்திருந்தது. விரலால் தடவினால் கறுப்பு மாவு ஒட்டியது.

கணக்கு எளிது. 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். அதில் 65 விழுக்காடு 120 மில்லிமீட்டர். அது டயரின் பக்கச்சுவர் உயரம். மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், நடுவில் 15 அங்குல ரிம் 381 மி.மீ. எல்லாம் கூட்டினால் டயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ 621. புதிதாகப் போட்ட டயருக்கு அதே கணக்கில் 647 வருகிறது. 26 மி.மீ. கூடிவிட்டது, நூற்றுக்கு நான்குக்கும் மேல். வேகமானி முன்பைவிட 4 விழுக்காடு குறைத்துக் காட்டும். போதாததற்கு ரிம் பழையதேதான். குறுகிய ரிம்மில் அகன்ற டயரை ஏற்றினால் அடிப்பக்கம் இறுகி, நடுப்பகுதி புடைத்து, டயர் நடுவிலேயே தேயும்.

இப்போது வேறு இரண்டு அளவுகளைப் பாருங்கள். அதே ரிம்மில் 195/60 ஆர்15 போட்டால் வெளிவிட்டம் 615. டயர் அகலமாகிறது, ஆனால் உயரம் 6 மி.மீ. குறைகிறது. ரிம்மை 16 அங்குலமாக்கி 195/55 ஆர்16 போட்டால் 621. பழைய அளவுக்கும் இதற்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வேறுபாடு இல்லை. கடையில் இந்த மூன்றுக்கும் பெயர் ஒன்றுதான்: அப்சைஸ். ஒன்றில் வெளிவிட்டம் கூடுகிறது, ஒன்றில் குறைகிறது, ஒன்றில் அப்படியே நிற்கிறது. உயரம் குறைகிற டயரைப் 'பேரளவாக்கம்' என்று மாணவனுக்கு நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்? தொழிற்பயிற்சி நிலையத்தில் பாடம் எடுக்கிறவன் என்ற முறையில் கேட்கிறேன்.

தயாரிப்பாளர்களே இந்த மூன்றாவது வேலையைச் செய்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். 2018இல் வந்த ஸ்விஃப்ட் காரின் கீழ்நிலை வகைகளுக்கு 165/80 ஆர்14, உயர்நிலை வகைக்கு 185/65 ஆர்15. ரிம் ஓர் அங்குலம் பெரிது, டயர் 20 மி.மீ. அகலம், ஆனால் வெளிவிட்ட வேறுபாடு 2 மி.மீ.தான். சுவரைத் தாழ்த்தி ரிம்முக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே அளவை மாற்றுவதே தவறு என்ற தொனியும் நம் கையேட்டில் வரக்கூடாது. எதை மாற்றுகிறோம், எது மாறாமல் இருக்க வேண்டும் என்பது பெயரிலேயே தெரிய வேண்டும்.

என் பரிந்துரை இதுதான். தூணில் ஒட்டியிருப்பது உரிய அளவு. அதிலிருந்து விலகிய எந்த அளவும், பெரிதோ சிறிதோ, மாற்றளவு. அதற்குள் மூன்று வகை: அகலம் மட்டும் முதன்மையாக மாறினால் அகலமாற்று, ரிம் பெரிதாகி வெளிவிட்டம் காக்கப்பட்டால் வட்டைமாற்று, வெளிவிட்டமே மாறிவிட்டால் விட்டமாற்று. வெளிவிட்டம் 3 விழுக்காட்டுக்கு மேல் விலகக்கூடாது என்று தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு. அந்த எல்லையைத் தாண்டியதை விட்டமாற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

ரிம்முக்கு 'வட்டை' என்றதும் சிலர் புருவம் உயர்த்தலாம். இது நான் ஆக்கிய சொல் இல்லை. மாட்டுவண்டிச் சக்கரத்தில் நடுவில் குடம், குடத்திலிருந்து ஆரக்கால்கள், ஆரக்கால்கள் போய்ச் செருகும் வளைந்த மரம் வட்டை, அதன்மேல் காய்ச்சி இறுக்கிய இரும்புப் பட்டா. டயர் பட்டாவின் இடத்தில் இருக்கிறது, ரிம் வட்டையின் இடத்தில் இருக்கிறது. தச்சர் வாயில் இருந்த சொல் சும்மா கிடக்கும்போது, 'விளிம்புவளையம்' என்று புதிதாகக் கட்ட வேண்டிய தேவை என்ன?

அடுத்து, வரைவின் மூன்றாம் பக்கத்தில் 'ஆர்15' என்பதை 'ஆரம் 15 அங்குலம்' என்று பெயர்த்திருக்கிறார்கள். இதைத் தயவுசெய்து உடனே நீக்குங்கள். 15 என்பது விட்டம், ஆரம் அல்ல. ஆர் என்ற எழுத்து ரேடியல் என்ற கட்டமைப்பைக் குறிக்கிறது: டயருக்குள் இருக்கும் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு, சக்கரத்தின் ஆரக்கால் போகும் திசையில் நேராக ஓடுகின்றன. மிஷலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. அதற்கு முந்தைய டயர்களில் இழைகள் ஒன்றையொன்று சாய்வாக வெட்டிக்கொண்டு போகும். முன்னதை ஆரிழை டயர் என்றும் பின்னதைக் குறுக்கிழை டயர் என்றும் சொல்லலாம். தமிழில் 'ஆர்' என்பதற்கு ஆரக்கால் என்ற பொருள் உண்டு. டயரில் பொறித்திருக்கும் எழுத்தை நாம் உச்சரிக்கும் ஒலியும் அதுவேதான். மாணவன் எழுத்தைப் படிக்கும்போதே பொருளும் கைக்கு வந்துவிடும். இப்படியொரு பொருத்தம் வலிந்து தேடினாலும் கிடைக்காது.

65 என்ற எண்ணுக்கு, ஆங்கிலத்தின் 'ஆஸ்பெக்ட் ரேஷியோ'வைப் பெயர்த்த 'தோற்ற விகிதம்' வேண்டாம். திரைக்கு அந்தச் சொல் எப்படியோ போகட்டும், டயரில் தோற்றம் எங்கே இருக்கிறது? சுவரின் உயரம் டயரின் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பதுதான் செய்தி. சுவர்வீதம் என்றால் போதும்.

சுமை எண், வேகக் குறி (டயர் தாங்கும் உச்ச வேகத்தைக் காட்டும் எழுத்து) இரண்டும் ஏற்கெனவே நன்றாக அமைந்திருக்கின்றன. ஆனால் அந்தப் பத்தி மிகச் சிறிதாக இருக்கிறது. சுமை எண் 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோ. விலை குறைவு என்று 185/65இலிருந்து 175/65க்கு இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தெரியாமல் 60 கிலோவை இழக்கிறார்கள். மாற்றளவு என்றாலே பெரிதாக்குவதுதான் என்ற எண்ணம் இருக்கும்வரை இந்த ஆபத்து யார் கண்ணிலும் படாது. பொதுச்சொல் பெரிது சிறிது இரண்டையும் தாங்க வேண்டும் என்று நான் அழுத்துவதும் இதனால்தான்.

ஸ்டெப்னி என்ற சொல்லை மாற்றாமல் அப்படியே விட்டுவிடுங்கள். வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் ஒரு தெருவின் பெயராக இருந்து, 1904இல் ஒரு மாற்றுச் சக்கரத்தின் வணிகப் பெயராகி, நம் ஊர் லாரி கிளீனர் வரை வந்து சேர்ந்த சொல் அது. எல்லோருக்கும் புரிகிறது.

அன்புடன்,
கோவையிலிருந்து

----

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே நாங்கள் ரயர் என்று எழுதுவோம், சக்கரத்தைச் சில்லு என்போம், ஆரத்தை ஆரை என்போம். ஆனாலும் ஆரிழை எங்களுக்கும் உடனே விளங்குகிறது. நூற்றுக்கு இத்தனை வீதம் என்பதே எங்கள் அன்றாடப் பேச்சு என்பதால் சுவர்வீதம் இன்னும் இயல்பாக இருக்கிறது. எங்கள் பாட்டனார் வண்டில் வைத்திருந்தவர். வட்டை என்ற சொல்லை அவர் வாயால் கேட்டிருக்கிறேன்.

ஒரு மறுப்பு மட்டும் உண்டு. 'மாற்று' என்பது ஏவலும்கூட. வேலைத்தலத்தில் ஒரு சீட்டில் 'வட்டைமாற்று' என்று எழுதி வைத்தால், பையன் அதைக் கட்டளையாக எடுத்து ரிம்மைக் கழற்றத் தொடங்கிவிடுவான். வகையின் பெயராக அதை ஒருவரும் வாசிக்கமாட்டார்கள்.

----

அன்புள்ள தம்பி,

நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. பட்டறைச் சீட்டை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. மூன்றையும் திருத்துகிறேன்: அகல மாற்றளவு, வட்டை மாற்றளவு, விட்ட மாற்றளவு. நீளம் சற்றுக் கூடினாலும் கட்டளை என்ற மயக்கம் போய்விடுகிறது. பொதுச்சொல்லும் ஒவ்வொரு பெயருக்குள்ளும் இருந்து நினைவூட்டும்.

கையேட்டுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "185/65 ஆர்15 உரிய அளவாக உள்ள வண்டிக்கு 195/55 ஆர்16 ஒரு வட்டை மாற்றளவு, வெளிவிட்டம் காக்கப்படுகிறது. 205/65 ஆர்15 ஒரு விட்ட மாற்றளவு, பொருத்தக்கூடாது. எந்த மாற்றளவிலும் சுமை எண் உரிய அளவின் எண்ணுக்குக் கீழே இறங்கக்கூடாது."

இன்னும் ஒரு சொல் மிச்சம் இருக்கிறது. டயரின் உள்விளிம்பில், வட்டையைக் கவ்விப் பிடிக்கும் கம்பி வைத்த தடித்த ஓரம். எங்கள் பக்கத்தில் பீடிங் என்கிறார்கள். ரயர் ஒட்டும் பெரியவர்கள் யாராவது அங்கே இருந்தால், அதற்கு அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அது வரும்வரை அந்தப் பத்தியை நிறுத்தி வைக்கிறேன்.